வராத படையெடுப்பும் வந்து தங்கிய கட்டுப்பாடும்

துவரம்பருப்புக்கு இருப்பு வரம்பு, கோதுமைக்கு இருப்பு வரம்பு என்று உத்தரவு வரும்போதெல்லாம் சங்கக் கூட்டத்தில் இளம் வணிகர்கள் எழுந்து, "நம் சொந்தப் பணத்தில் வாங்கி நம் கிடங்கில் அடுக்கியிருக்கும் சரக்குக்குக் கணக்குக் கேட்க இவர்கள் யார்?" என்று கோபமாகக் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. ஆனால் இந்த வழக்கம் எப்போது, எதனால் வந்தது என்று திருப்பிக் கேட்டால் பலருக்குத் தெரிவதில்லை. எமர்ஜென்சியில் வந்தது என்பார் ஒருவர். காங்கிரஸ் ஆட்சியில் வந்தது என்பார் இன்னொருவர்.

வந்தது 1942-ல். ஜப்பான்காரன் இன்றைக்கு இலங்கையில் இறங்கிவிடுவான், நாளைக்குச் சென்னையில் இறங்கிவிடுவான் என்ற பயத்தின் நடுவில் வந்தது. அவன் இறங்கவே இல்லை. பயத்தில் செய்த ஏற்பாடுகள் மட்டும் நம்மோடு தங்கிவிட்டன. யுத்தத்தைப் பற்றி ராணுவத்தார் நிறைய எழுதியிருக்கிறார்கள். மண்டிக்காரன் கண்ணால் பார்த்து யாரும் அதிகம் எழுதவில்லை. ஆகவே வணிக நண்பர்களுக்கு அந்தக் கதையை இங்கே சொல்கிறோம்.

ரங்கூன் அரிசி நின்றது

யுத்தத்துக்கு முன்பு தென்னிந்தியாவின் பல பகுதிகளுக்கும், வங்காளத்துக்கும், இலங்கைக்கும் சோறு போட்டது பர்மா. இந்தியாவுக்கு மட்டும் ஆண்டுக்கு 10 லட்சம் டன்னிலிருந்து 20 லட்சம் டன் வரை பர்மா அரிசி கப்பலில் வந்து இறங்கியது. நாட்டின் மொத்த விளைச்சலோடு ஒப்பிட்டால் இது சொற்பம். ஆனால் மண்டியில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், நூறு மூட்டை தேவைப்படும் ஊருக்குத் தொண்ணூற்றைந்து மூட்டை வந்தால் விலை ஐந்து சதவீதம் ஏறி நிற்பதில்லை. அந்த ஐந்து மூட்டைக்கு நடக்கும் அடிதடிதான் தொண்ணூற்றைந்து மூட்டைக்கும் விலை வைக்கும்.

காஞ்சிபுரத்தைச் சுற்றி ஏரிப் பாசனமும் பாலாற்றுக் கால்வாய்களும் உண்டு. உத்திரமேரூர், வாலாஜாபாத், செய்யாறு பக்கத்து நெல் நமக்கு எப்போதும் உண்டு. ரங்கூன் அரிசியை நம்பி அடுப்பு மூட்டிய ஊர் இது இல்லை. என்றாலும் சென்னைத் துறைமுகத்தில் ரங்கூன் கப்பல் வராவிட்டால் சென்னைக்காரர்கள் நம் ஊர் நெல்லைத் தேடி வருவார்கள். விலை தானாக ஏறும். மலபாரும் திருவிதாங்கூரும் இதைவிட மோசம். அங்கே பர்மா அரிசி நின்றதும் ஜனங்கள் மரவள்ளிக் கிழங்கை நம்பிக் காலம் தள்ள வேண்டியதாயிற்று.

பர்மா நெல்லுக்கு முதல் போட்டவர்களில் முக்கியமானவர்கள் நம் நாட்டுக்கோட்டை நகரத்தார்கள். 1930-களின் மந்தத்தில் கடன் அடைபடாமல், கீழ்ப் பர்மாவின் விளைநிலத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அவர்கள் கைக்கு வந்திருந்தது. ரங்கூனோடு அந்த முதலும் போயிற்று. ஏறத்தாழ 5 லட்சம் இந்தியர்கள் பர்மாவை விட்டு வெளியேறினார்கள். கப்பலில் இடம் கிடைத்தவர்கள் பாக்கியவான்கள். மற்றவர்கள் அசாம் மலைக் காடுகள் வழியாக நடந்தார்கள். வழியில் மாண்டவர்களுக்குச் சரியான கணக்கே கிடையாது.

தேதிகளைக் கவனிக்க வேண்டும். 1941 டிசம்பரில் ஜப்பான் யுத்தத்தில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது. மார்ச் 8-ல் ரங்கூன். மார்ச் 23-ல் அந்தமான். ரங்கூன் விழுந்த அதே மார்ச் 8-ல்தான் நம் காஞ்சிபுரத்தில் அண்ணா அவர்கள் 'திராவிட நாடு' வார இதழைத் தொடங்கினார். காகிதப் பஞ்சம் பிடித்த அந்த நேரத்தில் பத்திரிகை தொடங்க எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பது பொட்டலம் மடிக்கப் பழைய காகிதம் தேடி அலைந்த மளிகைக்காரர்களுக்கு நன்றாகப் புரியும்.

அந்தமான் போனபிறகு நமக்கும் ஜப்பான் படைக்கும் நடுவில் வங்காள விரிகுடாத் தண்ணீர் மட்டுமே பாக்கி.

இலங்கையைக் காக்கும் ஏற்பாடு

அடுத்த இலக்கு இலங்கைதான் என்று எல்லோரும் நினைத்தார்கள். நினைக்கக் காரணமும் இருந்தது. திருகோணமலை உலகத்தின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று. சூயஸ் கால்வாய், பாரசீக வளைகுடா, ஆஸ்திரேலியா என்று எங்கே போகும் கப்பலும் கொழும்பைத் தொட்டுப் போகும். மலேயாவும் ஜாவாவும் விழுந்தபிறகு நேசநாடுகளுக்கு மிச்சமிருந்த பெரிய ரப்பர் தோட்டம் இலங்கைதான். இலங்கை போனால் பம்பாயும் கொச்சியும் நிம்மதியாகத் தூங்க முடியாது.

1942 மார்ச்சில் அட்மிரல் லேட்டன் என்பவரை இலங்கையின் தலைமைத் தளபதியாக நியமித்தார்கள். கவர்னர் கால்டிகாட் இருந்தபோதிலும் சிவில் நிர்வாகமும் தளபதியின் உத்தரவுக்குக் கட்டுப்பட வேண்டும் என்று ஏற்பாடு. இந்திய, ஆஸ்திரேலிய, கிழக்கு ஆப்பிரிக்கத் துருப்புகள் வந்து இறங்கின. இரத்மலானை விமானத் தளம் எதிரிக்குத் தெரிந்த இடம் என்பதால், கொழும்பின் குதிரைப் பந்தய மைதானத்தையே இன்னொரு விமானத் தளமாக்கினார்கள். அந்தத் தளம் இருப்பது ஜப்பானியருக்குக் கடைசிவரை தெரியவில்லை. ஹரிக்கேன் ரகப் போர் விமானங்கள் சில வாரங்களுக்கு முன்புதான் வந்து சேர்ந்திருந்தன. அட்மிரல் சோமர்வில் தலைமையில் இருந்த பிரிட்டிஷ் கப்பற்படை மாலத்தீவின் தென்கோடியில் அட்டு என்ற தீவுக்கூட்டத்தில் ரகசியமாகத் துறை அமைத்துக்கொண்டு ஒளிந்து நின்றது. கப்பல்களில் பல பழசு. நேருக்கு நேர் நின்றால் தாங்காது என்று அவருக்கே தெரியும்.

ஏப்ரல் 4-ஆம் தேதி மாலை, கனடா நாட்டு விமானி லியோனார்ட் பிர்ச்சால் இலங்கைக்குத் தென்கிழக்கே சில நூறு மைல் தள்ளி ஜப்பான் கப்பற்படையைக் கண்டுவிட்டார். செய்தியைத் தந்தியில் அடித்துக்கொண்டிருக்கும்போதே அவருடைய விமானத்தைச் சுட்டு வீழ்த்திவிட்டார்கள். அவர் உயிர் பிழைத்து யுத்தம் முடியும்வரை ஜப்பானியரிடம் கைதியாக இருந்தார். அவர் அனுப்பிய அந்தச் செய்தியால் கொழும்புத் துறைமுகத்தில் நின்ற கப்பல்களில் பெரும்பாலானவை இரவோடிரவாக வெளியே போய்ச் சிதறிக்கொண்டன.

ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலை. அட்மிரல் நகுமோவின் 5 விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து கிளம்பிய 120-க்கும் மேற்பட்ட விமானங்கள் கொழும்பின் மேல் வந்தன. துறைமுகம், பட்டறைகள், இரத்மலானை எல்லாம் குண்டு வாங்கின. அன்று பிற்பகலே நடுக்கடலில் டார்செட்ஷயர், கார்ன்வால் என்ற இரண்டு பிரிட்டிஷ் குரூசர் கப்பல்களை மூழ்கடித்தார்கள். தண்ணீரில் மிதந்தவர்களில் 1,122 பேர் மறுநாள் காப்பாற்றப்பட்டார்கள். ஏப்ரல் 9-ல் திருகோணமலை மீது தாக்குதல். அன்றே மட்டக்களப்புக்கு எதிரே ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலும் மூழ்கியது. திருகோணமலையில் எண்ணெய்த் தொட்டி ஒன்று பற்றிக்கொண்டு பல நாள் எரிந்தது. 2022-ல் இந்தியாவும் இலங்கையும் சேர்ந்து நடத்துவதாக ஒப்பந்தம் போட்டார்களே, அதே எண்ணெய்த் தொட்டிப் பண்ணைதான்.

இதே வாரத்தில் அட்மிரல் ஒசாவாவின் இன்னொரு படை வங்காள விரிகுடாவில் புகுந்து 20-க்கும் மேற்பட்ட சரக்குக் கப்பல்களை மூழ்கடித்தது. ஏப்ரல் 6-ல் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. சரித்திரப் புத்தகங்களில் போர்க்கப்பல்களின் பெயர்தான் இருக்கும். நம் பார்வையில் இந்தச் சரக்குக் கப்பல்கள்தான் பெரிய நஷ்டம். கிழக்குக் கரையில் சரக்குக் கப்பல் போக்குவரத்து அதோடு முடங்கியது. ரயிலோ ராணுவத்துக்கே போதவில்லை.

அதற்குப் பிறகு ஜப்பான் படை திரும்பிப் போய்விட்டது. படை இறக்கும் கப்பல் ஒன்றுகூட அவர்களோடு வரவில்லை. இலங்கையைப் பிடிக்க வேண்டும் என்று ஜப்பான் கப்பற்படையில் யோசனை இருந்தது உண்மை. அதற்குத் துருப்பு கொடுக்கத் தரைப்படை மறுத்துவிட்டது. சீனாவில் மாட்டிக்கொண்டிருந்த அவர்களுக்குக் கொடுக்க ஆள் இல்லை. ஆகவே வந்து அடித்துவிட்டுப் போவது என்ற அளவில் நின்றது. ஜூன் மாதம் மிட்வே தீவுச் சண்டையில் ஜப்பானின் 4 விமானந்தாங்கிக் கப்பல்கள் மூழ்கின. அவற்றில் 3 கப்பல்கள் கொழும்பை அடித்தவை. அதோடு இலங்கைக்கு இருந்த பெரிய அபாயம் நீங்கியது.

இதெல்லாம் இன்றைக்குப் படித்துத் தெரிந்துகொள்வது. 1942 ஏப்ரலில் கல்லாவில் உட்கார்ந்திருந்தவருக்கு இதில் ஒன்றும் தெரியாது.

புறக்கோட்டையில் கதவு சாத்தியபோது

கொழும்பில் புறக்கோட்டை என்பது நம் கொத்தவால்சாவடி மாதிரி. அரிசி, பருப்பு, மிளகாய், ஜவுளி எல்லாம் மொத்தமாக இறங்கிப் பிரியும் இடம். அந்த வியாபாரத்தின் பெரும்பகுதி அப்போது இந்தியர்கள் கையில் இருந்தது. செட்டியார்கள், நாடார்கள், மேமன்கள், போராக்கள், சிந்திகள் என்று பலரும் இருந்தார்கள். கிராமத்துச் சில்லறைக் கடைவரை அவர்கள் கொடுத்த கடனில்தான் ஓடியது.

குண்டு விழுந்ததும் கொழும்பு காலியாயிற்று. துறைமுகத் தொழிலாளர் ஊரை விட்டுப் போனார்கள். கப்பலில் சரக்கு இருந்தும் இறக்க ஆளில்லை. கடைகள் சாத்தப்பட்டன. நம்மவர்கள் பலர் குடும்பத்தோடு தலைமன்னாருக்கு ரயிலேறி, தனுஷ்கோடிக்குக் கப்பல் பிடித்து ஊர் திரும்பினார்கள். குழந்தை குட்டியோடு இருப்பவனை, குண்டு விழும் ஊரில் கடையைத் திறந்து வை என்று சொல்ல யாருக்கும் அருகதை இல்லை. நாமாக இருந்தாலும் குடும்பத்தை முதலில் அனுப்பியிருப்போம்.

ஆனால் அங்கே அடுத்து நடந்ததை ஒவ்வொரு வணிகரும் தெரிந்துகொள்ள வேண்டும். இலங்கை உண்ணும் அரிசியில் மூன்றில் இரண்டு பங்கு வெளியிலிருந்து வந்தது. அதில் பெரும்பங்கு பர்மாவிலிருந்து. பர்மா போயிற்று, கப்பல் போயிற்று, பிரித்து விற்கும் கடைக்காரரும் போய்விட்டார். இந்த நிலையில் அரசாங்கம் கைகட்டி நிற்குமா? சிவில் பாதுகாப்பும் உணவும் ஒலிவர் குணதிலக்க என்ற அதிகாரியின் பொறுப்பில் இருந்தன. பின்னாளில் கவர்னர் ஜெனரலாக வந்தாரே, அவர்தான். கூப்பன் முறையில் பங்கீடு வந்தது. உள்ளூர் விவசாயியிடம் அரசாங்கமே நெல் கொள்முதல் செய்தது. ஊருக்கு ஊர் கூட்டுறவுக் கடை திறந்தார்கள். சில ஆண்டுகளில் அவை ஆயிரக்கணக்கில் பெருகிவிட்டன. அவற்றுக்குச் சரக்கு பிரித்துக் கொடுக்க 1943-ல் கூட்டுறவு மொத்த விற்பனை நிறுவனம் ஒன்றும் வந்தது. இன்றைக்கும் இலங்கையில் 'சதொச' என்ற கடைகளைப் பார்க்கிறோம். அதன் வேர் இதுதான். அரிசி போதாததற்குக் கோதுமை மாவை இறக்கினார்கள். இலங்கைத் தமிழர் காலையில் பாண் சாப்பிடும் வழக்கம் பரவலானதும் இந்தப் பஞ்ச காலத்தில்தான்.

யுத்தம் முடிந்து நம்மவர்கள் திரும்பிப் போனபோது கடை இருந்தது. வாடிக்கையாளர் கையில் கூப்பன் இருந்தது. கூப்பன் எங்கே செல்லுமோ அங்கேதான் அவர் போவார். பழைய பற்று வரவுக் கணக்கைக் காட்டி அவரைத் திரும்ப அழைக்க முடியவில்லை. சாத்திய கதவைத் திறப்பதில் கஷ்டம் ஒன்றும் இல்லை. போன வாடிக்கையைத் திருப்பிக் கொண்டுவருவதுதான் ஆகாத காரியம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, ஆபத்து என்று தெரிந்தும் மளிகைக் கடைகளைத் திறந்து வைத்தோமே, அப்போது எங்கள் மனதில் ஓடியது புறக்கோட்டைக் கதைதான்.

சென்னை காலியாயிற்று, காஞ்சிபுரம் நிரம்பியது

கொழும்பில் குண்டு விழுந்த மறுநாளே விசாகப்பட்டினத்தில் விழுந்ததால், அடுத்தது சென்னை என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஜப்பானியக் கப்பற்படை தென்னிந்தியக் கரையை நோக்கி வருவதாக ராணுவத்துக்கு ஒரு தகவல் வந்தது. அது தவறான தகவல் என்று பிறகு தெரிந்தது. அதற்குள் கவர்னர் ஆர்தர் ஹோப்பின் அரசாங்கம், அவசிய வேலை இல்லாதவர்கள் ஊரை விட்டுப் போகலாம் என்று அறிவித்துவிட்டது. ஹைகோர்ட்டு கோயம்புத்தூருக்குப் போயிற்று. மற்ற அலுவலகங்கள் பல உள்நாட்டு ஊர்களுக்குப் போயின. ரிப்பன் கட்டடத்துக்குப் பின்னால் பீப்பிள்ஸ் பார்க்கில் இருந்த மிருகக்காட்சிசாலையில் சிங்கம், புலி, சிறுத்தைகளை, குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் வெளியே வந்துவிடும் என்று சொல்லிச் சுட்டுக் கொன்றார்கள். சென்னைப் பெரியவர்களைக் கேட்டால் யுத்தத்தைப் பற்றி முதலில் சொல்வது இதைத்தான்.

1941 கணக்கெடுப்பில் சென்னையின் ஜனத்தொகை 8 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. அதில் லட்சக்கணக்கானவர்கள் சில வாரங்களில் கிளம்பிப் போனார்கள். 1914 செப்டம்பர் 22-ல் எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டதை நேரில் பார்த்தவர்கள் அப்போது ஊரில் நிறைய இருந்தார்கள். ஒரு தரம் சூடுபட்டவர்கள் கிளம்பியதில் ஆச்சரியம் இல்லை.

சென்னையிலிருந்து காஞ்சிபுரம் 45 மைல். செங்கல்பட்டு, அரக்கோணம் இரண்டு பக்கமும் ரயில் உண்டு. கரிப்புகையில் ஓடும் பஸ்ஸும் உண்டு. பெட்ரோல் கிடைக்காததால் பஸ்ஸின் பின்னால் அடுப்பைக் கட்டி, கரியைப் போட்டு, அந்த வாயுவில் ஓட்டினார்கள். மேடு வந்தால் பிரயாணிகள் இறங்கித் தள்ள வேண்டும். பெரிய காஞ்சிபுரம், சின்ன காஞ்சிபுரம் இரண்டிலும் உறவுக்காரர் வீட்டுத் திண்ணைகூட நிரம்பிவிட்டது என்றும், வாடகை ஏறியது என்றும் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லுவார்கள். உறவு இல்லாதவர்களும் உறவு சொல்லிக்கொண்டு வந்தார்களாம்.

வந்தவர்கள் முதலில் போனது மளிகைக் கடைக்கு. ஒரு மாதச் சாமானை ஒரே நாளில் கேட்டார்கள். புளி, மிளகாய், பருப்பு, எல்லாவற்றுக்கும் மேலாக மண்ணெண்ணெய். வாடிக்கைக்காரருக்கு எடுத்து வைப்பதா, ரொக்கத்தோடு வந்து நிற்கும் பட்டணத்துக்காரருக்குக் கொடுப்பதா? இதில் எங்கள் பாட்டனார் காலத்துக் கடைக்காரர்கள் எல்லோரும் ஒரே மாதிரி நடந்துகொண்டார்கள் என்று சொல்ல மாட்டோம். வாடிக்கைக்காரருக்கு முதலில் அளந்து கொடுத்தவர்களும் உண்டு. இருப்பைப் பின்கட்டுக்குத் தள்ளி "சரக்கு இல்லை" என்று சொன்னவர்களும் உண்டு. பின்னாளில் அரசாங்கம் எல்லோரையும் ஒரே தராசில் நிறுத்தியதற்கு இந்த இரண்டாவது ரகத்தார் நன்றாகவே வழி செய்து கொடுத்தார்கள்.

நம் ஊருக்கு இன்னொரு சங்கடமும் இருந்தது. காஞ்சிபுரம் மளிகைக்காரர் பற்றுக் கணக்கு தீருவது தறி ஓடினால்தான். யுத்தத்துக்கு முன்பு ஜப்பானிலிருந்தும் சீனாவிலிருந்தும் கச்சாப் பட்டு இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்தது. அது நின்றது. மைசூர்ப் பட்டோ பாராசூட் செய்யப் போயிற்று. நூல் இல்லாமல் தறி நின்றால் கூலி இல்லை, கூலி இல்லாவிட்டால் கடையில் கணக்கு ஏறிக்கொண்டே போகும். ஒரு பக்கம் ரொக்கத்தோடு பட்டணத்துக்காரர், இன்னொரு பக்கம் கடன் கேட்கும் நெசவாளர். அன்றைய கடைக்காரர் நிலையை நினைத்துப் பாருங்கள்.

சில்லறைத் தட்டுப்பாட்டையும் சொல்லியாக வேண்டும். பயம் வந்தால் ஜனங்கள் நோட்டை நம்ப மாட்டார்கள், உலோகத்தைத்தான் நம்புவார்கள். வெள்ளி ரூபாயைப் புதைத்தார்கள். செப்புக் காசுக்கும் அதே கதி. 1940-லேயே ரூபாயில் வெள்ளியின் அளவைப் பாதியாகக் குறைத்துவிட்டதால் பழைய ரூபாய் கண்ணில் படாமல் மறைந்தது. ஒரு ரூபாய் நோட்டு வந்தது. 1943-ல் செம்பை மிச்சப்படுத்த நடுவில் துளை போட்ட காலணா வந்தது. ஓட்டைக் காலணா என்று எங்கள் வீடுகளில் சிறுபிள்ளைகள் கயிற்றில் கோத்து விளையாடக் கொடுப்பார்களே, அது யுத்தத்தின் காசு. காலணாவுக்குக் கடுகு, அரையணாவுக்கு மிளகாய் என்று வாங்கும் ஜனங்களிடம் சில்லறை இல்லாமல் வியாபாரம் செய்வது எவ்வளவு கஷ்டம் என்று சில்லறைக் கடைக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை.

சில மாதங்களில் சென்னைக்காரர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். 1943 அக்டோபரில் ஒரு ஜப்பானிய விமானம் இரவில் வந்து துறைமுகப் பக்கம் சில குண்டுகளைப் போட்டுவிட்டுப் போயிற்று. சென்னைக்கு வந்த யுத்தம் அவ்வளவுதான்.

வங்காளத்தில் நடந்தது

நம் பக்கம் பயமும் செலவுமாகப் போனது, வங்காளத்தில் உயிர்ச் சேதமாயிற்று. ஜப்பான் படை வங்கக் கரையில் இறங்கினால் அவர்களுக்கு அரிசியும் கிடைக்கக்கூடாது, படகும் கிடைக்கக்கூடாது என்று 1942-ல் ஒரு திட்டம் போட்டார்கள். மேதினிபூர், குல்னா, பாக்கர்கஞ்ச் போன்ற கரையோர மாவட்டங்களில் உபரி என்று கணக்கிட்ட அரிசியை ஏஜெண்டுகளை வைத்து அரசாங்கம் வாங்கி அப்புறப்படுத்தியது. பத்துப் பேருக்கு மேல் ஏறக்கூடிய படகுகளைப் பறிமுதல் செய்தது, அல்லது உடைத்தது. ஆறும் கால்வாயுமான அந்த நாட்டில் படகுதான் மாட்டு வண்டி, படகுதான் லாரி. நெல்லைச் சந்தைக்குக் கொண்டுபோகவும், மீன் பிடிக்கவும், மண்பாண்டம் விற்கவும் அதுதான்.

அரசாங்கத்தின் ஆளே பை நிறையப் பணத்தோடு மண்டியில் இறங்கி "என்ன விலையானாலும் வாங்கு" என்று நின்றால் மற்ற வியாபாரி என்ன நினைப்பான்? விலை இன்னும் ஏறும் என்று நினைப்பான். வைத்திருப்பவன் விற்க மாட்டான். இல்லாதவன் ஓடி வாங்குவான். அக்டோபரில் புயல் மேதினிபூரை அடித்தது. பர்மா அரிசியும் இல்லை. ஒரு மாகாணத்திலிருந்து இன்னொரு மாகாணத்துக்குத் தானியம் போகத் தடை. 1943-ல் பஞ்சம். அரசாங்கம் நியமித்த பஞ்ச விசாரணைக் கமிஷன் 15 லட்சம் பேர் இறந்ததாகச் சொன்னது. பின்னால் ஆராய்ந்தவர்கள் 30 லட்சம் வரை சொல்கிறார்கள்.

பதுக்கல் வியாபாரிகளால் பஞ்சம் வந்தது என்று அப்போது சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். பதுக்கினவர்கள் இருந்தார்கள். அதை மறைத்துப் பேசினால் நம்மை யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் படகை உடைத்தது வியாபாரி இல்லை. மாகாண எல்லையில் தடை போட்டதும் வியாபாரி இல்லை. இந்தப் பழியில் நம் பங்கு எவ்வளவோ அவ்வளவை நாம் ஏற்கலாம். முழுவதையும் நம் தலையில் கட்டுவது நியாயமில்லை.

லைசென்ஸ் வந்த வழி

1942 மே மாதம் இந்திய அரசாங்கம் பாதுகாப்பு விதிகளின் கீழ் உணவு தானியக் கட்டுப்பாட்டு உத்தரவு ஒன்றைப் போட்டது. மொத்தமாகத் தானியம் வாங்கி விற்பவர் லைசென்ஸ் எடுக்க வேண்டும். இருப்புக் கணக்கு எழுத வேண்டும். கேட்டால் காட்ட வேண்டும். அதற்கு முன்பு ஒரு மண்டிக்காரரின் பேரேட்டை அவருடைய கணக்குப்பிள்ளையும் வருமான வரிக்காரரும் தவிர வேறு யாரும் புரட்டியதில்லை. கொழும்பில் குண்டு விழுந்து இரண்டு மாதம் ஆகவில்லை என்பதைக் கவனியுங்கள்.

1943-ல் சென்னையில் அரிசிப் பங்கீடு வந்தது. 'ரேஷன்' என்ற சொல் தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டது. 1904-ல் தொடங்கிய திருவல்லிக்கேணிக் கூட்டுறவுச் சங்கம் போன்ற கூட்டுறவுகள் இந்தப் பங்கீட்டில் பெரிதாக வளர்ந்தன. அரிசிக்குப் பதில் கோதுமை போட்டார்கள். அதை எப்படிச் சமைப்பது என்று தெரியாமல் ரவையாக உடைத்து உப்புமா கிண்டிய வீடுகள் அநேகம்.

1945-ல் யுத்தம் முடிந்தது. பாதுகாப்பு விதிகள் போனதும் கட்டுப்பாடு போய்விடும் என்று வணிகர்கள் எதிர்பார்த்தார்கள். 1946-ல் அத்தியாவசியப் பொருள் வழங்கல் தற்காலிக அதிகாரச் சட்டம் வந்தது. பெயரிலேயே 'தற்காலிகம்' இருந்தது. அந்தத் தற்காலிகம் நீண்டுகொண்டே போய், 1955-ல் அத்தியாவசியப் பொருள்கள் சட்டம் என்று நிரந்தரமாயிற்று. நடுவில் 1952 ஜூனில் ராஜாஜி அவர்கள் முதலமைச்சராக இருந்தபோது சென்னை ராஜ்யத்தில் அரிசிக் கட்டுப்பாட்டை நீக்கினார். விலை எங்கேயோ போய்விடும் என்று அதிகாரிகள் பயமுறுத்தினார்கள். நெல் வண்டி தடையில்லாமல் மாவட்ட எல்லை தாண்டிப் போனது. மறைத்து வைத்திருந்த சரக்கும் வெளியே வந்தது. இதே ராஜாஜிதான் 1942 ஏப்ரலில், படையெடுப்பு வாசலில் நிற்கிறது, சண்டையை மறந்து எல்லோரும் சேர்ந்து பொறுப்பான அரசாங்கம் அமைக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டுக் காங்கிரஸ் மேலிடத்தோடு மோதியவர். அந்தப் பயத்தின் கடைசிச் சுவட்டைப் பத்து வருஷம் கழித்து அவர் கையாலேயே அழித்ததாக எங்கள் தலைமுறைக்கு முந்தியவர்கள் சந்தோஷப்பட்டார்கள். அவர்கள் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார்கள்.

1955 சட்டத்தில் 2020-ல் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். தானியம், பருப்பு, எண்ணெய் வித்து, வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றுக்கு யுத்தம், பஞ்சம், அசாதாரண விலையேற்றம், கடுமையான இயற்கைச் சீற்றம் தவிர வேறு சமயத்தில் கட்டுப்பாடு இல்லை என்றார்கள். வேளாண் சட்டங்கள் மூன்றையும் 2021-ல் திரும்பப் பெற்றபோது அந்தத் திருத்தமும் சேர்ந்து போயிற்று. 2023 ஜூனில் துவரைக்கும் உளுந்துக்கும் வரம்பு வைத்தார்கள். மொத்த வியாபாரிக்கு 200 டன், சில்லறைக் கடைக்கு 5 டன். கணக்கை இணையதளத்தில் ஏற்ற வேண்டும் என்றும் சொன்னார்கள். எங்கள் மண்டியில் இருப்புப் பதிவேடு எழுதும் தம்பி இப்போது கம்ப்யூட்டரில் தட்டுகிறார். பத்திகள் என்னவோ பழைய பத்திகள்தான்: ஆரம்ப இருப்பு, வரவு, செலவு, கடைசி இருப்பு.